கருத்தரங்கச் செய்தியில் ஒரு கண்டுபிடிப்பையாவது போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிக் கருத்தரங்கச் செய்தி எதை எடுத்தாலும் எத்தனை கட்டுரைகள் வந்தன, ஆய்வுக்கோவையை யார் வெளியிட, யார் பெற்றுக்கொண்டார் என்பதோடு முடிந்துவிடுகிறது. கட்டுரைகளில் என்ன இருந்தது என்று ஒரு வரியும் இருப்பதில்லை.

குமுளி மலைக்குக் கீழே கூடலூரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கம்பம், உத்தமபாளையம் பிள்ளைகளும், மேலே வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் ஆய்வேட்டை என்னிடம் கொண்டுவருகிறார்கள். தட்டச்சு, மெய்ப்பு, பைண்டிங் எல்லாம் நான்தான். அதனால் ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

‘பிரதியின் அதிகார மையம் தன்னைத்தானே கட்டுடைத்து விளிம்பின் குரலைப் பன்முகத் தளங்களில் மீளுருவாக்கம் செய்கிறது.’ இந்த மாதிரி பக்கம் பக்கமாக வரும். நாவலின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு நாவலின் பெயரைப் போட்டாலும் எங்கேயும் இடிக்காது. கட்டுடைப்பு, விளிம்புநிலை என்ற சொற்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே சொற்களை வைத்துக்கொண்டு இந்தப் பாத்திரம், இந்தப் பக்கம், இந்தப் பேச்சு என்று காட்டுகிறவர்களும் உண்டு. அங்கே பெயரை மாற்றினால் கட்டுரையே நிற்காது.

கடினமாக எழுதுவதும் குற்றமில்லை. 2006இல் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஒன்றில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்றிருக்கிறது. ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனுக்கு எடுத்த கல். இது போன்ற கல்வெட்டுக் கட்டுரைகள் ஒரே வாசிப்பில் எனக்குப் பிடிபடாது. ஆனால் எந்தக் கல், எந்த எழுத்து, ஏன் அப்படிப் படித்தோம் என்று சொல்லியிருப்பதால் இன்னொருவர் அந்தக் கல்லைப் பார்த்து மறுக்க முடியும். கூடல் ஊர் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆசைதான். அந்த ஒரு வரியை மட்டும் வைத்து அது எங்கள் கூடலூர் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆய்வாளர் சொல்லவும் கூடாது.

எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த ஒரு பெண் ஒப்பாரிப் பாடல்களைத் திரட்டி வந்தாள். பாடியவர் வயது, எந்த டிவிஷன், யார் சாவுக்குப் பாடியது என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதியிருந்தாள். சில இடங்களில் ‘ஒலிப்பதிவில் கேட்கவில்லை’ என்று விட்டிருந்தாள். எல்லாப் பாட்டிலும் பிழைக்க வந்த கதை இருக்கும் என்று நினைத்துத் தொடங்கியதாகவும், பாதிக்கு மேல் அது இல்லை என்றும் முடிவுரையில் எழுதியிருந்தாள். நான் அடித்ததிலேயே சிறந்த ஆய்வேடு அதுதான்.

பொருளில்லாமல் எழுதுவது தமிழ்த் துறைகளின் நோய் மட்டும் அல்ல. 1996இல் இயற்பியலாளர் ஆலன் சோக்கல், இயற்பியல் உண்மை என்பதே சமூகமும் மொழியும் கட்டியதுதான் என்று வேண்டுமென்றே அர்த்தமில்லாமல் எழுதி அனுப்ப, ‘சோஷியல் டெக்ஸ்ட்’ என்ற அமெரிக்க இதழ் வெளியிட்டது. சரி, அது பண்பாட்டு ஆய்வுக்காரர்கள் இதழ் என்று அறிவியல்காரர்கள் ஒதுங்கிவிட முடியாது. 2013இல் அறிவியல் செய்தியாளர் ஜான் பொஹானன், வெளிப்படையான பிழைகள் உள்ள ஒரு போலிப் புற்றுநோய் மருந்துக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

பணம் கட்டினால் சில நாளில் சான்றிதழ் தருகிற இதழ்கள் இங்கேயும் உண்டு. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் எண்ணிக்கை கேட்பதால் பிள்ளைகள் கட்டுகிறார்கள். ஐஎஸ்பிஎன் இருக்கிறது என்று காட்டுகிறார்கள். அது புத்தகத்தின் அடையாள எண். உள்ளே இருப்பதை யாராவது சரிபார்த்தார்கள் என்பதற்கு அத்தாட்சி இல்லை. 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தரமான ஆய்விதழ்கள் என்று தான் வைத்திருந்த கேர் பட்டியலையும் கைவிட்டு, நல்ல இதழ் எது என்று பார்க்கும் பொறுப்பைக் கல்லூரிகளிடமே விட்டுவிட்டது.

அதனால்தான் பத்திரிகையிடம் கேட்கிறேன். அடுத்த முறை கருத்தரங்கச் செய்தி போடும்போது மேடைப் படத்தைக் கொஞ்சம் சுருக்கி, வாசித்த கட்டுரைகளில் ஒன்றையாவது எடுத்து, அவர் புதிதாக என்ன சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்று நான்கு வரி போடுங்கள். நிருபர் கேட்டும் பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர் ஒருவர்,
கூடலூர், தேனி மாவட்டம்.