மச்சானுக்கு, பென்டடோனிக் பத்தி

மச்சான்,

உன்ட வொய்ஸ் மெசேஜ் ரெண்டும் கேட்டன். இரவு ட்யூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்து அந்த நேரத்திலயும் கிட்டாரத் தூக்குறாய் எண்டா உனக்கு விசர்தான், ஆனா நல்ல விசர். இங்க மழை விட்டபாடில்ல. படுவான்கரைப் பக்கம் வயலெல்லாம் தண்ணி நிக்குது, மாமா விதைச்சது தப்புமா எண்டு தினமும் போய்ப் பாத்திட்டு வாறார், வந்து ஒருத்தரோடயும் கதைக்கிறதில்ல. உங்கட அம்மாவ போன கிழம களுவாஞ்சிகுடி சந்தையில கண்டன், நல்லா இரிக்கிறாங்க, நீ கோல் எடுக்கிறது குறைஞ்சிட்டு எண்டுதான் முறைப்பாடு. கிட்டார் வாங்கின கதைய நான் சொல்லல்ல, பயப்படாத.

சரி, நீ கேட்டதுக்கு வாறன். பென்டடோனிக் பொக்ஸ், அதுதான் அஞ்சு சுர ஸ்கேலுக்கு விரல் வைக்கிற வடிவம், பாடமாயிட்டு, மேல கீழ ஓடுறன், ஆனா பாட்டு மாதிரி வருதில்ல எண்டாய். நீ அனுப்பின கிளிப்பில விரல் சரியான இடத்திலதான் போகுது, தாளமும் பரவாயில்ல. உனக்கு எது "ச", அதாவது பாட்டு வந்து நிக்கிற சுரம், எண்டு தெரியாம வாசிக்கிறாய், அதுதான் பிரச்சினை. யூட்டியூப்பில சொல்லிக் குடுக்கிற ஆக்களும் முதல் நாளே அந்த வடிவத்தக் காட்டிட்டு உடனே ஸ்பீடுக்குப் போயிடுறாங்க, எனக்கு அதில சரியான கோவம்.

5ஆம் ஃப்ரெட்டில (கிட்டார் கழுத்தில குறுக்க இரிக்கிற கட்டை) நீ பிடிக்கிற அந்த பொக்ஸில இரிக்கிறது அஞ்சே அஞ்சு சுரம்: ஏ, சி, டி, ஈ, ஜி. தடிச்ச கம்பியில 5ஆம் ஃப்ரெட் ஏ, 8ஆம் ஃப்ரெட் சி. அடுத்ததில 5 டி, 7 ஈ. அதுக்கடுத்ததில 5 ஜி, 7 ஏ. இப்பிடியே மெல்லிய கம்பி வரைக்கும் அந்த அஞ்சும்தான் கிறுகிக் கிறுகி வருது. சி மேஜர் ஸ்கேல்ல இரிக்கிற ஏழில எஃபையும் பியையும் தூக்கிட்டா மிச்சம் இதுதான். ஏன் அந்த ரெண்டையும் தூக்கினது எண்டா, ஈக்கும் எஃபுக்கும் இடையில அரைச் சுரம்தான், பிக்கும் சிக்கும் இடையிலயும் அப்பிடித்தான், உரசல் வாறது அந்த இடங்களிலதான். அது ரெண்டும் இல்லாட்டி எந்தச் சுரத்துக்குப் பக்கத்தில எதப் போட்டாலும் காது பெரிசா முகம் சுளிக்காது. புதுசாப் பழகிறவனுக்கு இத முதல்ல குடுக்கிறதும் அதுக்காகத்தான். ஆனா பிழையே வராத இடத்தில எங்க போய் நிக்கிறது எண்டும் தெரியாமப் போயிடும், உனக்கு நடக்கிறது அதுதான்.

இப்ப ஒண்டு செய். போன்ல சுருதிப் பெட்டி ஆப் ஒண்டு இறக்கு, சுருதிய ஏ-ல வை. கண்ணை மூடிட்டு பொக்ஸ்குள்ள எங்க வேணுமெண்டாலும் போ, ஆனா ஒவ்வொரு வரியும் ஏ-ல வந்து முடியணும். கொஞ்ச நேரத்தில ஒரு சோகம், ஒரு கனம் வரும். மறுகா விரல மாத்தாத, ஃப்ரெட்ட மாத்தாத, ஆப்ல மட்டும் சுருதிய சிக்கு மாத்து, வரிய சி-ல முடி. அதே வடிவம், அதே அஞ்சு சுரம், ஆனா வெளிச்சம் போட்ட மாதிரி முகம் மாறிடும். முதல் வாசிச்சது ஏ மைனர் பென்டடோனிக், ரெண்டாவது சி மேஜர் பென்டடோனிக். சின்ன வயசில கோயில் மண்டபத்தில நம்மள இருத்தி வாய்ப்பாட்டு படிப்பிச்சாங்களே, ஞாபகமிரிக்கா, நீ பின்னால இரிந்து தூங்குவாய், அந்தக் கணக்கில சொன்னா முதலாவது சுத்த தன்யாசி ராகம், ரெண்டாவது மோகனம். மோகனம் எண்டா உனக்கு நித்திரையிலயும் வரும். அப்ப நீ புதுசா ஒண்டும் படிக்கத் தேவையில்ல, தெரிஞ்சதக் கம்பியில தேடினாச் சரி.

கையால ஞாபகம் வைக்க வழி இதுதான்: தடிச்ச கம்பியில ஆள்காட்டி விரல் இரிக்கிற சுரத்தில நிண்டா மைனர், சின்ன விரல் இரிக்கிற சுரத்தில நிண்டா மேஜர். பாட்டு டி மேஜர்ல எண்டா பொக்ஸ 7ஆம் ஃப்ரெட்டுக்குத் தள்ளு, சின்ன விரல் 10ல டி-ல வந்து நிக்கும். ஜி மேஜர் எண்டா 12க்குப் போ. அவ்வளவுதான் தியரி.

அஞ்சு பொக்ஸ் இரிக்கே, அதெல்லாம் பாடமாக்கணுமா எண்டும் கேட்டாய். பாடமாக்கு, ஆனா அவசரமில்ல. அஞ்சு சுரம், ஒவ்வொண்டிலயும் தொடங்கினா அஞ்சு வடிவம். சுருதியையும் அதோட சேத்து மாத்தினா அஞ்சு ராகம் வரும், எனக்கு இதுதான் இந்த விஷயத்திலயே பெரிய ருசி. டி-ல சுருதி வை, மத்தியமாவதி. ஜி-ல வை, சுத்த சாவேரி. ஈ-ல வை, ஹிந்தோளம். ஹிந்தோளத்துக்குப் பஞ்சமம் ("ப") இல்ல, அதனால கிட்டார்ல அதுக்கு கோர்ட், அதாவது சேத்து ஒலிக்கிற சுரக் கூட்டம், பிடிக்கிறது கொஞ்சம் சிக்கல், இப்போதைக்கு அத விடு. கர்நாடகத்தில கிரகபேதம் எண்டு சொல்றது இதத்தான். நம்மட காரைதீவு விபுலானந்த அடிகளார் 1947ல வெளியிட்ட யாழ் நூல்ல பாலைத் திரிபுக்கு ஒரு தனி இயலே இரிக்கு, நரம்புகள அப்பிடியே வச்சிக்கொண்டு தொடங்கிற நரம்ப மாத்தி மாத்தி ஏழு பாலை (பழந்தமிழ் ஸ்கேல்) எடுக்கிற கணக்கு. அது ஏழு சுரத்துக்கு, நீ செய்யிறது அஞ்சுக்கு. ஊருக்குப் பக்கத்தில இரிந்து ஒராள் இவ்வளவு எழுதி வச்சிரிக்க, நாம பொக்ஸ் ஒண்டு பொக்ஸ் ரெண்டு எண்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு இரிக்கம்.

ஒண்டு மட்டும் சொல்லணும், சுரம் சரியா இரிந்தா மட்டும் மோகனம் ஆயிடாது, அசைவு வேணும். கிட்டார்ல அதுக்கு பென்ட் இரிக்கு. மெல்லிய கம்பியிலயிருந்து எண்ணினா மூணாவது கம்பியில 7ஆம் ஃப்ரெட்டில டி இரிக்கு, மோதிர விரலால பிடிச்சு, பின்னால மத்த ரெண்டு விரலையும் துணைக்கு வச்சு, கம்பிய மேல தள்ளித் தள்ளி ஈ வரைக்கும் கொண்டு போ. ஈ வந்திட்டா எண்டு ரெண்டாவது கம்பி 5ஆம் ஃப்ரெட்டத் தட்டிப் பாரு, ரெண்டும் ஒண்டா ஒலிக்கணும். பாதி வழியில நிண்டா சுருதி விலகின பாட்டுக்காரர் மாதிரி இரிக்கும். உன்ட கம்பி தடிப்பு எண்டா இது ஏலாது, விரல் கிழிஞ்சிடும், 10ஆம் கேஜ் எண்ட மெல்லிய கம்பி செட் ஒண்டு மாத்து.

கோர்ட் மாறக்குள்ள எங்க நிக்கிறது எண்டும் பழகு. ஏ மைனர் ஓடக்குள்ள ஏ, சி, ஈ மூண்டும் நிக்க நல்ல இடம். எஃப் வரக்குள்ள எஃப் பொக்ஸ்குள்ள இல்ல, ஆனா ஏயும் சியும் அந்தக் கோர்ட்டுக்குள்ள இரிக்கு, அதில நில். ஜி வந்தா ஜி இல்லாட்டி டி. வேற ஒண்டும் வேணாம், நாலு சுரத்தில ஒரு வரி வாசி, நிப்பாட்டு, அடுத்த கோர்ட் வந்த பிறகு பதில் மாதிரி இன்னொரு வரி. வாசிக்கக்குள்ள வாயாலயும் பாடு. மூச்சு முடியிற இடத்தில கையும் நிக்கும், இப்ப நீ மூச்சே விடாம ஓடுறாய் மச்சான்.

இங்க நான் பெரிசா வாசிக்கிறதில்ல, மாரி மழையும் கல்லடிக் கடல் காத்தும் சேந்து கம்பியத் துருவாக்கி வச்சிரிக்கு, துடைச்சுத் துடைச்சு அலுத்துப்போச்சு. சித்திரைக்கு லீவு கிடைக்கும் எண்டாயே, உண்மையா? வரக்குள்ள கோட்டிங் போட்ட கம்பி ரெண்டு செட் கொண்டு வா, காசு இங்க தாறன். அதுக்கு முதல் அந்த ஏ சுருதி, சி சுருதி ரெண்டிலயும் வாசிச்சு ரெக்கோர்ட் பண்ணி அனுப்பு. அம்மாக்கும் ஒரு கோல் எடு.

உன்ட மச்சான்,
கல்லடியிலிருந்து