டிரையர் சூடாகவில்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

துணி டிரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை என்றால் உடனே ஹீட்டர் காயில் மேல்தான் பழி விழுகிறது. காற்றை வெளியே தள்ளும் வகை டிரையர்களில் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கக் குழாயை. அதில் பஞ்சு அடைத்தால் வெப்பம் உள்ளேயே தேங்கி, சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போய்விடும். சில மாடல்களில் மோட்டாரே கிளம்பாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபியூஸின் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் கன்டினியூட்டி, அதாவது மின்சாரம் அறுபடாமல் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். அடைப்பை எடுக்காமல் மாற்றினால் புதியதும் போகும். ஃபியூஸை விட்டுவிட்டு ஒயரை நேரே இணைப்பது தீயை வீட்டுக்குள் அழைக்கும் வேலை. அப்படிச் செய்து தரும் மெக்கானிக்கை வாசலோடு அனுப்பிவிடலாம்.

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் வழித்தெடுப்பவர்கள்கூட அதில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில்லை. தண்ணீர் இறங்காமல் வலைமேல் தேங்கினால், துணியை மென்மையாக்கப் போடும் ஷீட்டுகளின் பிசுக்கு படிந்திருக்கிறது. வெந்நீர், சோப்பு, பழைய டூத்பிரஷ் போதும். காய்ந்த பிறகே மாட்டவும்.

துணி ஈரமாக இருக்கும்போதே எந்திரம் நின்றுவிடுகிறதா? டிரம்முக்குள் தெரியும் இரண்டு உலோகப் பட்டைகள்தான் ஈரப்பத சென்சார். அவற்றிலும் அதே பிசுக்குதான். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கலாம்.

பின்பக்கத்தில் பிளாஸ்டிக் மடிப்புக் குழாய் இருந்தால் எடுத்துவிட்டு, 4 அங்குல உலோகக் குழாயை வளைவு குறைத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்