பரணில் இருக்கும் எலும்பு செட்

பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. குக்கர் கத்திக்கொண்டிருந்தது, அப்பா வேறு பக்கத்தில். "வருஷா வருஷம் இப்படி டாக்டர் சீட்டைக் கூட்டிக்கிட்டே போனா எங்க படிப்புக்கு என்னம்மா மதிப்பு?" என்றாய். ரெண்டு நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. போனில் பேசினால் சண்டையில் முடியும், அதனால் எழுதுகிறேன்.

நான் முதலில் நர்ஸாக டூட்டியில் சேர்ந்த கடலோரத்து ஆஸ்பத்திரி உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. ஆபரேஷன் தியேட்டர் உண்டு, அறுக்கிற டாக்டரும் உண்டு. மயக்க டாக்டர் மட்டும் கிடையாது. அந்த ஒரே காரணத்துக்காக எத்தனை பிள்ளைத்தாச்சிகளை ராத்திரியில் மதுரைக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறோம். ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு மதுரைப் பெரியாஸ்பத்திரி சுமார் 170 கிலோமீட்டர். பரமக்குடி தாண்டுகிறவரை வண்டியில் கூடப் போய் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ மயக்க மருந்துப் படிப்பை எடுத்தபோது நான் ஏன் அழுதேன் என்று கேட்டாயே, இதற்குத்தான்.

அதனால் சீட் கூடுகிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். 2022 ஜனவரியில் நம் மாநிலத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். மொத்தம் 1,450 இடம். அதில் நம்ம ராமநாதபுரத்துக்கு 100. அடுத்த வருஷமே டெல்லியிலிருந்து, 10 லட்சம் பேருக்கு 100 எம்.பி.பி.எஸ். இடம் போதும், அதற்கு மேல் புதிதாகக் கிடையாது என்று ஒரு விதி போட்டார்கள். தமிழ்நாடு அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது. இங்கிருந்து எதிர்ப்பு கிளம்பவே அதைத் தள்ளிவைத்தார்கள். அப்போது நீயே கோபப்பட்டாய், மறந்துவிட்டாயா? மேல்படிப்புக்கு பி.ஜி. சீட் கையில் வந்ததும் கதவைச் சாத்தச் சொல்லலாமா?

ஆனால் உன் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதை நான் வேறு பக்கமிருந்து பார்த்தவள்.

2014-ல் நாடு முழுக்க 51,000 சொச்சம் இருந்த எம்.பி.பி.எஸ். இடம் பத்தே வருஷத்தில் லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2025 பட்ஜெட்டில், ஐந்து வருஷத்தில் இன்னும் 75,000 மருத்துவ இடம் என்றார்கள். கட்டடம் காண்ட்ராக்ட் விட்டால் எழும்பிவிடும். (எல்லாமும் இல்லை. மதுரை எய்ம்ஸுக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2022-ல் அதில் சேர்ந்த முதல் 50 பிள்ளைகள் நம்ம ஊர்க் கல்லூரியில் வந்துதான் படித்தார்கள்.) சொல்லிக்கொடுக்கிற ஆளை எந்த காண்ட்ராக்டர் கட்டித் தருவார்?

நர்சிங் பிள்ளைகள் கதையும் இதேதான். 2023-ல் 157 புது நர்சிங் கல்லூரி என்று அறிவித்தார்கள், நல்லதுதான். நான் கடைசியாக இருந்த லேபர் வார்டில் ஒரு பிரசவத்துக்கு எட்டுப் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். முன்னால் நிற்கிற ரெண்டு பேருக்குத்தான் ஏதாவது தெரியும். மீதி ஆறு பேரும் முதுகைப் பார்த்துவிட்டு நோட்டில் 'பிரசவம் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். நான் போடமாட்டேன். "சிஸ்டர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று பேர். அதற்கென்ன செய்வது, அடுத்த நைட் டூட்டிக்கு ரெண்டு ரெண்டு பேராக வரச் சொல்லி வயிற்றில் கை வைத்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்கவைத்தேன். ஒருத்தி வாரக்கணக்கில் தவறாகச் சொன்னாள். ஒரு நாள் சரியாகச் சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

உனக்கும் முதல் தடவை நோயாளி கையில் மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாய், அந்த வென்ஃப்ளான் போடும்போது கை நடுங்கியது, வார்டு சிஸ்டர் ஒருவர் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறாய். அவர் இல்லாவிட்டால் உன் சீட் வெறும் நாற்காலிதான்.

சண்டிகரில் படிப்பு முடிந்ததும் சென்னையில் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதாகச் சொன்னாய். சம்பளத்தை நான் குறை சொல்லமாட்டேன், வீட்டுக்கடன் கட்டின கை இது. ஆனால் அரசில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு அறிவிப்பு வந்தால் ஒரு விண்ணப்பமாவது போட்டுவை. புதுக் கல்லூரியில் கொஞ்ச வருஷம் பிள்ளைகளோடு தியேட்டரில் நின்று பார். பிடிக்கவில்லை என்றால் அப்புறம் போ. அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "புள்ளையை ஏன் தொந்தரவு பண்றே" என்கிறார்.

இன்னொன்று. நம்ம தெரு மீன்காரம்மா மகளுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கிடைத்துவிட்டது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. நீட் இரண்டாவது தடவை. அம்மாக்காரி எனக்கு ஒரு கிலோ நண்டைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்று ஓடிவிட்டாள். நீ வைத்துப் படித்த எலும்பு செட்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். நீ சீனியர் அக்காவிடம் வாங்கியதுதானே, இவளுக்குக் கொடுக்கலாமா? மணிக்கட்டில் பட்டாணி அளவு எலும்பு ஒன்று தொலைந்துபோனதாக அந்த வருஷம் முழுக்க அழுதாய். அது தையல் மெஷின் டிராயரில், தீப்பெட்டிக்குள் இருந்தது.

அம்மா