பெயர் வாசித்தாயிற்று

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். உனக்கு மறுபடியும் மலேரியா வந்ததை நாலாவது பக்கத்தின் மூலையில் ஒரு வரியாக எழுதியிருக்கிறாய். அதை முதல் வரியாக எழுத வேண்டாமா? காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவது உன் சின்ன வயசுப் பழக்கம். இந்தத் தடவை கடைசி மாத்திரை வரைக்கும் போட்டு முடி.

நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன். நீ ஊழியத்துக்கு ஜார்க்கண்ட் ராஜ்மகால் மலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த மலை ஜனங்களின் மால்தோ பாஷை இப்போதுதான் உன் நாக்குக்குப் படிகிறது. ஒரே ஒரு குடும்பம் ஜெபத்துக்கு வருகிறது, அவர்களும் இன்னும் ஞானஸ்நானம் கேட்கவில்லை. நீ அனுப்பின ஊழிய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மிஷன் ஆபீஸில் இருப்பவர், "இந்த ரிப்போர்ட்டை வைத்து யாரிடம் காணிக்கை கேட்பது, கொஞ்சம் தெம்பாக எழுதுங்கள்" என்றாராம். மருந்து முகாமுக்கு வந்த நாற்பது பேரை வசனம் கேட்க வந்தவர்களாக எழுதினால் என்ன, அவர்கள் காதில் நாலு வார்த்தை விழத்தானே செய்தது என்று நீயே உன்னிடம் வாதாடிப் பார்த்திருக்கிறாய். எழுத வேண்டாம், ஐயா. ஏன் என்று சொல்ல, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளராக இருந்த முதல் வருஷம் அது. உனக்கு ஐந்து வயசிருக்கும். மழை இல்லை, குளம் வெடித்துக் கிடந்தது. ஊழியத்துக்குப் பிடி அரிசி எப்படிச் சேருகிறது என்று உனக்குத் தெரியும். உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். மாசக் கடைசியில் நான் வீடு வீடாகப் போய் வாங்கி, படியால் அளந்து நோட்டில் எழுதுவேன். அந்த வருஷம் மூன்று வீட்டுப் பானை காலியாக இருந்தது. பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில், எல்லா வீடும் கொடுத்த சபைக்கு ஷீல்டு உண்டு. நான் நம் வீட்டு அரிசியில் மூன்று படி அளந்து போட்டு, அந்த மூன்று வீட்டின் பெயரிலும் எழுதிவிட்டேன். நல்லதுதானே செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். ஸ்தோத்திரப் பண்டிகையில் குருவானவர் எல்லாப் பெயரையும் வாசித்தார். ஷீல்டும் நமக்கே வந்தது.

அன்று ராத்திரி வாசலில் சத்தம் கேட்டது. தெற்குத் தெருவில் பீடி சுற்றுகிற பாட்டி ஒருத்தி. முந்தானையில் ஒரு படி அரிசி முடிந்திருந்தாள். "கோயில்ல எம் பேரை வாசிச்சிட்டாவ தாயி. நான் ஒண்ணும் போடலியே. பேர் வாசிச்சாச்சு, இனி அது கடன்லா. பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்கிட்டு வந்தேன்" என்றாள். அவள் வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அரிசியை வாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அவள் என்னைக் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "எனக்காவ நீ பொய் எழுதணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இருட்டில் போனாள். மறு வாரம் சங்கத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னும் சொன்னேன். ஷீல்டு போயிற்று. உன் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டை வாங்கி, அந்த மூன்று வரியிலும் என்னையே கோடு போட வைத்தார்கள். அந்த நோட்டு இன்னும் மரப்பெட்டியில் இருக்கிறது.

உன் ரிப்போர்ட் யாருக்குப் போகிறது என்று நினைக்கிறாய்? ஆபீஸுக்கு இல்லை, அந்தப் பாட்டி மாதிரியான ஆட்களுக்கு. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினவர்கள் நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்றுதானே தொடங்கினார்கள். அந்த வழியில் வந்தவன் நீ. பட்டினியோடு எடுத்து வைக்கிற ஒரு கைப்பிடிக்கு நீ அனுப்புகிற பதில்தான் ரிப்போர்ட்.

அயர்லாந்திலிருந்து மிஷனரியாக வந்த டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவுக்கும் இதே சோதனை வந்தது. நம் பக்கத்து ஊர்களில் சுற்றி ஊழியம் செய்ததை, கதவடைத்த வீடுகளையும் கேட்காமல் போன ஜனங்களையும் சேர்த்து அப்படியே எழுதி அனுப்பினார்கள். சீமையில் இருந்த கமிட்டி, மனசைத் தளர்த்துகிறது, உற்சாகமாக மாற்றித் தாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டது. அம்மா மாற்றவில்லை. பிரதி கிடப்பில் கிடந்தது. பிறகு 1903-ல் புத்தகமாக வந்தபோது அதன் பெயரே "உள்ளது உள்ளபடி" என்ற அர்த்தத்தில்தான் இருந்தது. 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர்கள் ஒரு தரம்கூடத் தன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. 1931-ல் விழுந்து அடிபட்டபின் 1951-ல் கண்மூடும் வரை பெரும்பாலும் படுக்கைதான். அப்படி நிலைத்திருக்க, பொய்யில்லாத மனசு எவ்வளவு பெரிய பலமாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இன்னொன்றும் கேள். கன்வென்ஷன் கூட்டங்களில் எல்லோரும் வங்காளத்தில் ஊழியம் செய்த வில்லியம் கேரியைச் சொல்வார்கள். 1793-ல் வந்தார், 1800-ல்தான் முதல் ஆளாகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் எடுத்தார், ஏழு வருஷம் பொறுத்தார் என்று. உண்மைதான். உன் மலைக்கு எதிரே, கங்கைக்கு அக்கரையில், மால்டா பக்கம்தான் அந்த வருஷங்களில் பெரும்பகுதி இருந்தார். ஆனால் 1794-ல் அவருடைய சின்ன மகன் பீட்டர் செத்துப்போனதையும், மனைவி டாரதிக்குப் புத்தி பேதலித்து 1807-ல் சாகும்வரை தெளியவே இல்லை என்பதையும் பிரசங்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அது பெரிய குறை. பொறுமையைப் புகழுகிறவர்கள் அதற்கு வீட்டில் யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உன் கடிதத்தில் மருமகளைப் பற்றி இரண்டே வரி. அவள் பேச அங்கே தமிழ் தெரிந்த ஒரு பெண்ணாவது உண்டா? அவள் அழுகிறாளா? அதை எழுது. அவளுக்கு ஆறு மாசம் ஊருக்கு வந்து இருக்க வேண்டுமென்றால் கூட்டிக்கொண்டு வா. அதைத் தோல்வி என்று யார் சொன்னாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

களைத்துப்போனேன் என்று எழுதினாய். களைப்பு பாவமில்லை, ஐயா. வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துச் சாக வேண்டுமென்று கேட்டபோது தேவதூதன் அதட்டவில்லை, அடை சுட்டுக் கொடுத்துத் தூங்க விட்டான். நீயும் தூங்கு. அழைப்பு மாறவில்லை என்று உன் மனசு சொன்னால் இரு. ஆபீஸுக்குப் பயந்தோ எங்களுக்கு வெட்கப்பட்டோ இருக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டில், மருந்துக்கு நாற்பது பேர் வந்தார்கள் என்று எழுது. ஜெபத்துக்கு ஒரு குடும்பம் வருகிறது, ஞானஸ்நானம் யாரும் எடுக்கவில்லை என்றும் எழுது. அதில் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. வரும் மாசச் சங்கக் கூட்டத்தில் ஒரு வரி கூட்டாமல் குறைக்காமல் நானே வாசிக்கிறேன். அந்தக் குடும்பத்தின் குழந்தைகளுக்கு என்ன வயசு என்று பெண்கள் கட்டாயம் கேட்பார்கள், அதையும் எழுதிவிடு.

கருப்பட்டியும் புதுக் கொசுவலையும் பார்சலில் போட்டிருக்கிறேன். வலை இரட்டைக் கட்டிலுக்குப் போதுமான அளவு.

உன் அம்மா