மூக்கைப் பொத்திப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் வல்லினம் என்றால் அழுத்திச் சொல்வது, மெல்லினம் என்றால் மெதுவாகச் சொல்வது என்று போட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள். ஆனால் மெல்லினத்தைத் தொண்டை கிழியக் கத்தினாலும் அது மெல்லினம்தான், சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே மூக்கைப் பொத்திப் பாருங்கள். சட்டென்று நின்றுவிடும். ப-வுக்கும் ம-வுக்கும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடுகின்றன, ஆனால் ம-வுக்கு மட்டும் அண்ணத்தின் பின்பக்கம் இருக்கும் மெத்தென்ற சதை கீழே இறங்கி, காற்றை மூக்கு வழியாக விடுகிறது. மூக்கடைத்தவர் 'மாமா' என்பது 'பாபா' மாதிரி கேட்பது இதனால்தான்.

அப்புறம், ஒலியும் எழுத்தும் ஒன்றில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கலாம். 'பம்பரம்' என்பதில் இரண்டு ப இருக்கிறதே, தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: முதல் ப-வில் குரல்வளை சும்மா இருக்கும், ம்-க்கு அடுத்து வரும் ப-வில் அதிரும். நாம் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதிவிடுகிறோம், சரி, நமக்குக் குழப்பமில்லை. எல்லா மொழிக்கும் சேர்த்து எழுத வேண்டுமென்றால்தான் சிக்கல். 1886-இல் பாரிசில் தொடங்கிய சர்வதேச ஒலியியல் சங்கம் ஒலிக்கொரு குறி என்று தனி எழுத்துமுறை வகுத்ததும் அதற்காகத்தான்.

அடுத்த முறை வாயின் பக்கவாட்டுப் படம் ஒன்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்