ஃபிஸ்கார்டு தெருவிலிருந்து தம்பி எழுதுவது

சீனர் பேட்டை, விக்டோரியா, கனடா
1923 செப்டம்பர், நிலாப் பண்டிகைக்கு மறுநாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. பணக் கடிதம் கொண்டு வருகிற ஆள் தெருவில் நுழைந்தாலே அம்மா எழுந்து வாசலுக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து மாதம் எழுதாமல் இருந்தது என் தப்புதான், மன்னித்துவிடுங்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைதான் ஆளை விடுவதில்லை. திங்கட்கிழமை வந்து குவிகிற துணியைச் சனிக்கிழமைக்குள் வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, பழுப்புத் தாளில் பொட்டலம் கட்டிவிட வேண்டும். சட்டைக் காலர்தான் பெரிய பாடு. கஞ்சி கெட்டியானால் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக் கருகும், நீர்த்தால் காலர் நிற்காது. பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே எந்தத் துணிக்கு ஆகும் என்று இப்போது தெரிந்துவிடுகிறது. மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடுங்கள்.

மாமாவின் மளிகைக் கடை நன்றாக நடக்கிறது. அத்தையும் பிள்ளைகளும் சௌக்கியம். போன வருடம் செப்டம்பரில் நம் சீனப் பிள்ளைகளை மட்டும் பிரித்துத் தனிப் பள்ளிக்கு அனுப்பப் பார்த்தார்கள் அல்லவா? ஒரு வருடம் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த மாதம்தான் பழைய பள்ளிக்கே திரும்பியிருக்கிறார்கள். மாமாவின் சின்னவன் புத்தகப் பையோடு எங்கள் சலவைக் கடை வழியாகப் போனபோது நாங்கள் எல்லோரும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தோம்.

மேல்மாடியில் இருக்கிற, ஹோய்பிங் ஊர்த் தாத்தாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ரயில் பாதை போட நாளுக்கு ஒரு டாலர் கூலியில் வந்தவர். மண்ணெண்ணெய் டின்னில் பாகற்கொடி வைத்து, மழை வந்தால் அறைக்குள் தூக்கி, வெயில் வந்தால் வெளியே வைத்து, குழந்தை மாதிரி வளர்த்தார். நேற்றுப் பண்டிகைக்கு ஒரே ஒரு காய், கட்டைவிரல் நீளம்தான். அதை எட்டாக நறுக்கி உப்புக் கருவாட்டோடு வதக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அந்தக் கசப்பு நாக்கில் பட்டதும் நம் கொல்லைப் பந்தல், கிணறு, அம்மா முறத்தோடு நிற்பது எல்லாம் அப்படியே வந்துவிட்டது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எழுந்து அடுப்புக்குக் கரி போடப் போய்விட்டேன்.

தாத்தா ஹார்லிங் பாயிண்ட் இடுகாட்டுக்கு அடிக்கடி போகிறார். கடலோரத்தில் இருக்கிறது. புதைத்து ஏழு வருடம் கழித்துத் தோண்டி, எலும்பைச் சுத்தம் செய்து, ஊருக்குக் கொண்டுபோக ஹாங்காங்குக்குக் கப்பலில் அனுப்புவார்கள். தனக்கும் அப்படிச் செய்ய வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, இனி எழுதுவதை என் மனைவியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஜூலை 1ஆம் தேதியிலிருந்து புதுச் சட்டம் வந்துவிட்டது. மாணவர், வியாபாரி என்று ஒரு சிலரைத் தவிர நம் சீன ஆட்கள் யாரும் இனி கனடாவுக்குள் வர முடியாது. துணி வெளுக்கிறவன் வியாபாரி கணக்கில் சேர மாட்டானாம். நான் வந்தபோது, சீனன் என்பதற்காகக் கட்டிய 500 டாலர் தலைவரிக்கு அப்பா மூன்று பேரிடம் கடன் வாங்கினார், அதை அடைக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. அவளைக் கூட்டி வரவும் அப்படித்தான் வயிற்றைக் கட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இனி 500 என்ன, ஆயிரம் கொடுத்தாலும் அந்தக் கதவு திறக்காது. நான் ஊருக்கு வந்தாலும் இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கும் கதவு மூடிவிடும். அவள் அழுதால் அண்ணியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

சேர்த்த பணத்தில் முதலில் ஆற்றோர வயலை மீட்டுவிடலாம். இத்துடன் 60 ஹாங்காங் டாலர் அனுப்புகிறேன், மீதியைப் புது வருடத்துக்கு முன் இரண்டு தவணையாக அனுப்புவேன். இந்த முறை குறைந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சித்தப்பா நீட்டுகிற பத்திரத்தில் கைரேகை வைக்காதீர்கள், எல்லைக்கல்லை ஊர்ப் பெரியவரை வைத்து அளந்த பிறகு பார்க்கலாம். சின்னத் தம்பி கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் கேட்கிற பன்றியும் கேக்கும் அதிகம்தான், ஆனாலும் கொடுத்துவிடுங்கள். கூரை ஓடுகளை மழைக்கு முன் மாற்றுங்கள்.

அம்மா கொடுத்தனுப்பிய காய்ந்த ஆரஞ்சுத் தோல் தீர்ந்துவிட்டது. யாராவது கப்பல் ஏறினால் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள்.

என் பையனுக்கு நாலு வயதாகிறது, நான் இன்னும் பார்க்கவில்லை. அவன் பாதத்தை ஒரு நூலில் அளந்து அடுத்த கடிதத்தில் வையுங்கள். இங்கே தோல் செருப்பு நன்றாகக் கிடைக்கிறது. ஒரு விரற்கடை கூட்டியே வாங்குகிறேன், வந்து சேர்வதற்குள் வளர்ந்திருப்பான்.

உங்கள் தம்பி