பொருள்: 'முதல் பதிப்பு' என்று சொல்லி விற்ற கிரிம் கதைத் தொகுப்பு பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் பதிப்பாசிரியருக்கும் வணக்கம்.

நீங்கள் வெளியிட்ட கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பை, இரண்டு பாகங்களும் சேர்த்து 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "1812-ஆம் ஆண்டின் முதல் பதிப்பு, முழுமையாகத் தமிழில்" என்று அட்டையில் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். உள்ளே இருப்பது முதல் பதிப்பு இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பக்கம் விடுபட்டிருந்தாலோ தாள் கிழிந்திருந்தாலோ மட்டும்தான் திரும்பப் பெறுவோம் என்று பதில் வந்தது. அதனால் இப்போது விவரமாகவே எழுதுகிறேன்.

கிரிம் சகோதரர்களான யாக்கோப், வில்ஹெல்ம் இருவரின் தொகுப்பு ஒரே தடவையில் முடிந்துபோன புத்தகம் இல்லை. 1812-ல் 86 கதைகளோடு முதல் பாகம், 1815-ல் 70 கதைகளோடு இரண்டாம் பாகம். அப்புறம் 1857-ல் வந்த ஏழாம் பதிப்பு வரை கதைகள் கூடின, சில நீங்கின, பல கதைகளை வில்ஹெல்ம் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார். 'பூட்ஸ் போட்ட பூனை'யும் 'நீலத்தாடி'யும் 1812-ல் இருந்தன. பிரெஞ்சுக்காரரான பெரோ முன்பே அச்சிட்ட கதைகளோடு அவை மிகவும் ஒத்துப்போனதால் 1819 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். உங்கள் புத்தகத்தில் இந்த இரண்டும் இல்லை. ஆனால் 1819-ல்தான் உள்ளே வந்த 'பிரெமன் நகர இசைக்கலைஞர்கள்' இருக்கிறது. இது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

போதாது என்றால் ஸ்னோ ஒயிட் கதையைப் பாருங்கள். 1812-ல் அந்தப் பெண்ணைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாயே. 1819-ல் அவளைச் சிற்றன்னை ஆக்கினார்கள். உங்கள் புத்தகத்தில் சிற்றன்னைதான். கோபுரத்தில் அடைபட்டு, தன் நீண்ட கூந்தலைத் தொங்கவிட்டு ஆட்களை மேலே ஏற்றும் பெண்ணான ராபுன்ஸலின் கதையிலும் அப்படியே. முதல் பதிப்பில், தன் உடை ஏன் இறுகிப்போகிறது என்று அந்தப் பெண் வெள்ளந்தியாகக் கேட்பாள். அவள் கர்ப்பமாக இருப்பது அதில்தான் தெரியவரும். பின்னால் அதை மாற்றி, இளவரசனைவிட உன்னை மேலே இழுப்பது ஏன் கடினமாக இருக்கிறது என்று மந்திரக்காரியிடம் அவள் கேட்பதாக எழுதினார்கள். நீங்கள் கொடுத்திருப்பது இந்தப் பிந்தைய வடிவம். குழந்தைகளுக்கு இதுதான் ஏற்றது என்று நீங்கள் முடிவு செய்திருக்கலாம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அதை அட்டையில் சொல்லி விற்றிருக்க வேண்டும். திருத்துவதற்கு முன் அந்தக் கதைகள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ளத்தான் நான் காசு கொடுத்தேன்.

இரண்டாம் பாகத்தின் கடைசிப் பகுதி இன்னும் மோசம். மலை ஆவி ரூபெசால் வரும் கதைகள் அங்கே இருக்கின்றன. அவை 1782-க்கும் 1787-க்கும் இடையில் ஜெர்மன் எழுத்தாளர் முசேயஸ் வெளியிட்ட தொகுப்பைச் சேர்ந்தவை. அந்தத் தொகுப்பு வரத் தொடங்கியபோது யாக்கோபும் வில்ஹெல்மும் பிறக்கவே இல்லை. அன்னத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக ஒட்டிக்கொள்ளும் கதை இன்னொரு ஜெர்மன் எழுத்தாளரான பெக்ஸ்டைன் எழுதியது. அவருடைய கதைப் புத்தகம் 1845-ல் வந்தபோது ஜெர்மனியில் எவ்வளவு விரும்பிப் படிக்கப்பட்டது என்பது பதிப்புத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா? இந்த இருவரின் பெயரும் புத்தகத்தில் எங்குமே இல்லை.

எனக்கு மிகுந்த கோபம் வந்த இடம் இரண்டாம் பாகத்தின் முகப்புப் படம். தலைக்குக் குல்லாய் கட்டிய ஒரு மூதாட்டியின் படத்தைப் போட்டு, கீழே "கதை சொல்லும் ஜெர்மன் பாட்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏதோ ஒரு பாட்டி இல்லை. அவர் பெயர் டொரோத்தியா ஃபீமான். காசெல் நகருக்குப் பக்கத்தில் நீடர்ஸ்வேரன் கிராமத்தில் வாழ்ந்த தையல்காரரின் மனைவி. அப்பா சத்திரம் நடத்தியவர். காசெலுக்குக் காய்கறி விற்க வரும்போது கிரிம் வீட்டுக்கும் வந்து கதை சொன்னார். சுமார் 40 கதைகள் அவர் கொடுத்தவை. 'வாத்து மேய்க்கும் பெண்' அதில் ஒன்று. முதலில் இயல்பாகச் சொல்வார், கேட்டால் எழுதிக்கொள்ளும்படி மெதுவாக மறுபடி சொல்வார், நடுவில் தவறு வந்தால் உடனே தானே திருத்துவார் என்று 1815 முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டே அவர் இறந்துபோனார். படத்தை வரைந்தவர் கிரிம் சகோதரர்களின் தம்பி லுட்விக் எமில். அவர் பெயரும் இல்லை.

உங்கள் முன்னுரையில் சகோதரர்கள் ஊர் ஊராக அலைந்து உழவர்களிடம் கதை கேட்டதாக எழுதியிருப்பதும் சரியில்லை. கதை சொன்னவர்களில் பலர் அவர்களைத் தேடி வந்தவர்கள் அல்லது அறிமுகமான குடும்பத்தினர்: மருந்துக்கடை வைத்திருந்த வில்ட் வீட்டுப் பெண்கள், ஹாஸன்ஃப்ளுக் சகோதரிகள், வெஸ்ட்ஃபாலியாவில் ஹாக்ஸ்ட்ஹவுசன் குடும்பத்தார். வில்ட் வீட்டு டோர்ட்ஷனைத்தான் 1825-ல் வில்ஹெல்ம் மணந்தார். இத்தனை பேர் சொன்ன கதைகளை வைத்து ஒரு புத்தகம் போட்டுவிட்டு, ஒருவர் பெயரைக்கூடச் சொல்லாமல் விட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இரண்டு பாகங்களையும் திருப்பி அனுப்பத் தயாராக இருக்கிறேன். அஞ்சல் செலவோடு முழுத் தொகையும் வேண்டும். விற்காமல் இருக்கும் பிரதிகளில் அட்டை வரியை மறைத்து, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். அடுத்த அச்சில் முசேயஸ், பெக்ஸ்டைன் பெயர்களையும் அந்தப் படத்துக்குக் கீழே டொரோத்தியா ஃபீமான் பெயரையும் போடுங்கள். மூன்று வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது நகலும், அட்டை, முகப்புப் படம் ஆகியவற்றின் புகைப்படங்களும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்